பண்டிகை லீவ் யாருக்கு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பண்டிகைக் காலம் நெருங்க நெருங்க லீவ் பற்றிய கேள்விகள் குவிந்துவிடும். இந்த முறை வந்தவற்றில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். கேட்டவர்களில் லீவ் கேட்பவர்களும் உண்டு, கொடுக்கும் இடத்தில் இருப்பவர்களும் உண்டு.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மூன்று வருஷமாகப் பண்டிகை அன்று டியூட்டி எனக்குத்தான். "அவங்களுக்குக் குழந்தை இருக்கு, நீ ஃப்ரீதானே" என்கிறார் மேனேஜர். எப்படிக் கேட்பது?

உங்கள் கோபம் நியாயமானது. கல்யாணம் ஆகாதவருக்கும் அப்பா அம்மா இருக்கிறார்கள், போய்ச் சேர வேண்டிய வீடு இருக்கிறது. ஆனால் பேசப் போகும்போது குழந்தை இருக்கும் சக ஊழியர்களைப் பேச்சுக்குள் இழுக்காதீர்கள், உடனே அது உங்களுக்கும் அவர்களுக்குமான சண்டையாகிவிடும். கடந்த மூன்று வருஷ ரோஸ்டரை (யாருக்கு எந்த நாள் டியூட்டி என்ற பட்டியலை) எடுத்துக்கொண்டு போய், "பண்டிகை நாளில் யார் யார் வேலை செய்தோம் என்று ஒருமுறை பார்த்துவிடலாமா சார்" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலான மேனேஜர்கள் வேண்டுமென்றே இப்படிச் செய்வதில்லை, போன வருஷம் மறுக்காதவர் இந்த வருஷமும் மறுக்கமாட்டார் என்று பழகிப்போயிருப்பார்கள். ரோஸ்டரில் உங்கள் பெயர் மூன்று முறை வரிசையாக நிற்பதைப் பார்த்தால் மேலே பேச வேண்டிய அவசியமே பல நேரம் இருக்காது.

மேனேஜர்களுக்கும் ஒரு வார்த்தை. யாருடைய காரணம் பெரியது என்று எடைபோடும் வேலையில் இறங்கவே இறங்காதீர்கள். காரணத்தை வைத்து லீவ் கொடுத்தால் நன்றாகப் பேசத் தெரிந்தவருக்கே லீவ் கிடைக்கும், வீட்டு விஷயத்தை வெளியே சொல்லக் கூச்சப்படுபவர் வருஷா வருஷம் தோற்றுக்கொண்டே இருப்பார். போன முறை யார் வேலை செய்தார் என்ற கணக்கு ஒன்றே போதும்.

முதலில் கேட்பவருக்கே லீவ் என்று வைத்திருக்கிறோம். அப்படியும் புகார் வருகிறதே?

வரத்தான் செய்யும். காலை ஒன்பது மணிக்கு மெயில் போடுகிறீர்கள், பகல் ஷிப்டில் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர்கள் அடுத்த பத்து நிமிஷத்தில் எல்லா நல்ல நாளையும் எடுத்துவிடுகிறார்கள், அந்த நேரத்தில்தான் நைட் ஷிப்ட் முடித்தவர் வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடியிருப்பார், சாயங்காலம் அவர் எழுந்து மெயிலைத் திறக்கும்போது எதுவும் மிச்சம் இருக்காது. பிரசவ விடுப்பில் இருப்பவருக்கு மெயிலே போயிருக்காது. அதனால் இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள், அதற்குள் எப்போது கேட்டாலும் ஒரே மதிப்புதான் என்று சொல்லிவிடுங்கள். கடைசித் தேதிக்குப் பிறகு மொத்தமாக எடுத்துவைத்து, போன முறை வேலை செய்தவர்களுக்கு முதலில் கொடுங்கள். அதற்கு மேலும் இருவர் சமமாக நின்றால் எல்லார் முன்னாலும் குலுக்கிப் போடுங்கள்.

இன்னொன்று, எல்லா நாளும் ஒன்றல்ல. வெளியூர்க்காரருக்குப் பண்டிகை நாளைவிட முந்தின நாள்தான் முக்கியம், அன்றைக்குத்தான் அவர் கிளம்ப வேண்டும். உள்ளூர்க்காரர் முந்தின நாள் முழுக்க வேலை செய்துவிட்டு மறுநாள் மட்டும் லீவ் கேட்கலாம். ஐந்து நாளை ஒரே கட்டாகக் கொடுக்காமல் நாள் நாளாகக் கேட்டுப் பாருங்கள், பாதிச் சிக்கல் தானாக அவிழ்ந்துவிடும். பயண முன்பதிவு தொடங்குவதற்கு முன்பே முடிவைச் சொல்லிவிடவும் வேண்டும். டிக்கெட் தீர்ந்த பிறகு கிடைக்கும் லீவால் அவருக்கு என்ன பயன்?

லீவ் என் உரிமை. நான் கேட்ட நாளை மறுக்க முடியுமா?

லீவ் உரிமைதான், தேதி விஷயம் வேறு. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1970 உடன்படிக்கை, ஒரு வருஷ வேலைக்குக் குறைந்தது மூன்று வேலை வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்கிறது, பொது விடுமுறைகளை இதில் கழிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் எப்போது எடுப்பது என்பதைப் பொதுவாக முதலாளியே முடிவு செய்யலாம், ஊழியரைக் கலந்து பேசிய பிறகு. வேலையின் தேவை, ஊழியருக்கு ஓய்வு கிடைக்கும் வாய்ப்பு, இரண்டையும் பார்க்க வேண்டும். அந்த உடன்படிக்கையை எல்லா நாடுகளும் ஏற்கவில்லை, உங்கள் நாட்டுச் சட்டத்தையும் வேலை ஒப்பந்தத்தையும் பாருங்கள்.

எங்கள் டீமில் வெவ்வேறு மதத்தவர்கள் இருக்கிறோம். ஒருவர் பண்டிகைக்கு மற்றவர் வேலை செய்தால் சரியாகிவிடாதா?

அவர்களாக மனசார ஒத்துக்கொண்டால் அருமையான ஏற்பாடு. ஆனால் "உங்க பண்டிகை இல்லையே" என்று நீங்களாகவே பெயரைப் போட்டுவிடாதீர்கள். ஊரே விடுமுறையில் இருக்கும்போது அவருடைய பிள்ளைகளுக்கும் பள்ளி லீவ்தான், அவருக்கும் வீட்டில் இருக்க ஆசை இருக்கும். வருஷத் தொடக்கத்திலேயே எல்லாரிடமும் "உங்களுக்கு எந்த நாட்கள் முக்கியம்" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறை பார்த்துத் தேதி முடிவாகும் பண்டிகைகளுக்கு ஒரு நாள் முன்னே பின்னே இடம் விட்டு ரோஸ்டர் போடுங்கள்.

அப்ரூவ் ஆன லீவைக் கடைசி நேரத்தில் ரத்து செய்துவிட்டார்கள். டிக்கெட் பணமும் போச்சு.

டிக்கெட் பணத்தை நிறுவனம் கொடுப்பதுதான் நியாயம், எழுத்தில் கேளுங்கள். ஆள் பற்றாக்குறை வந்தால் முதலில், கூடுதல் சம்பளமோ காம்ப் ஆஃபோ (பதிலுக்கு வேறொரு நாள் லீவ்) கொடுத்து, விருப்பப்பட்டு வருகிறவர்கள் உண்டா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டார்களா? அதையும் கடிதத்தில் எழுதுங்கள். அடுத்த பண்டிகைக்கு முதல் உரிமை உங்களுக்கு என்று இப்போதே உறுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒருவர் மட்டும் பண்டிகைதோறும் "உடம்பு சரியில்லை" என்கிறார்.

நிஜமாகவே முடியாமல் இருந்திருக்கலாம், எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். தனியாக உட்கார்ந்து தேதிகளைக் காட்டிப் பேசுங்கள். பண்டிகை நாட்களுக்கு ஸ்டாண்ட்பை ஆள் ஒருவரைச் சம்பளத்தோடு முன்கூட்டியே போட்டுவையுங்கள், இல்லையென்றால் வந்திருப்பவர்கள்தான் இரண்டு பேர் வேலையைச் சுமப்பார்கள்.

நான் டீம் லீடர். நானும் பண்டிகைக்கு லீவ் எடுக்கலாமா?

தாராளமாக. உங்கள் பெயரையும் அதே ரோஸ்டரில், அதே கணக்கில் போடுங்கள், போன வருஷம் நீங்கள் வீட்டில் இருந்திருந்தால் இந்த வருஷம் டியூட்டிக்கு வந்துவிடுங்கள்.