குழந்தைகளோடு ஸ்னோமொபைல் சுற்றுலா: எந்தத் தொகுப்பை எடுப்பது?

கேள்வி: டிசம்பர் கடைசி வாரம் பின்லாந்தின் ரோவனியெமிக்குப் போகிறோம். நான், கணவர், 9 வயது மகன், 5 வயது மகள், 67 வயது அம்மா. ஸ்னோமொபைலும் (பனியில் ஓடும் மோட்டார் வண்டி) ரெயின்டீர் (பனிமான்) இழுக்கும் சறுக்குவண்டியும் சேர்ந்த ஒருநாள் சுற்றுலாவில் இரண்டு வகை இருக்கிறது. முதல் வகையில் ஸ்னோமொபைலிலேயே காட்டு வழியாக ரெயின்டீர் பண்ணைக்குப் போய்த் திரும்ப வேண்டும், மொத்தம் ஆறு மணிநேரம். இரண்டாவதில் வேனில் பண்ணைக்குக் கூட்டிப்போகிறார்கள். அங்கே சறுக்குவண்டி, பிறகு சிறிது நேரம் மட்டும் ஸ்னோமொபைல். முதலாவதுதான் முழு அனுபவம் என்கிறார் கணவர். பிள்ளைகள் குளிர் தாங்குவார்களா? அம்மா வரலாமா? இந்திய ஓட்டுநர் உரிமம் போதுமா?

பதில்: இரண்டாவதை எடுங்கள். உங்கள் கணவருக்கு ஏமாற்றமாக இருக்கும். அதற்கும் ஒரு வழி சொல்கிறேன்.

இந்தச் சுற்றுலாக்களின் விளம்பரப் படங்களில் வண்டி ஓட்டுபவர்தான் இருப்பார். உங்கள் பிள்ளைகள் உட்காரப்போகும் இடம் படத்தில் வராது. உயரம் ஏறக்குறைய 140 சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தைகளைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஸ்னோமொபைலின் பின்னிருக்கையில் ஏற்றுவதில்லை. கால் மிதிபலகையில் ஊன்றாது, பள்ளம் மேட்டில் தூக்கிப்போடும்போது பிடித்துக்கொள்ளப் பலமும் இருக்காது. எனவே மகள் நிச்சயமாகவும் மகன் அநேகமாகவும் வழிகாட்டியின் வண்டி பின்னால் இழுத்துச் செல்லும் ஸ்லெட்டில்தான் இருப்பார்கள். சின்னக் குழந்தையோடு பெரியவர் ஒருவரும் அதில் ஏற வேண்டும் என்று கேட்பது வழக்கம். அதாவது உங்கள் இருவரில் ஒருவர் வண்டி ஓட்டப்போவதே இல்லை. பணம் கட்டும் முன் இதை வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். அங்கே பனியில் நின்றுகொண்டு பேச வேண்டிய விஷயம் இல்லை இது.

அந்த ஸ்லெட்தான் முழுப் பயணத்திலும் குளிர் அதிகமான இடம். ஓட்டுபவருக்கு முன்னால் காற்றுத் தடுப்பு இருக்கிறது, கைப்பிடி சூடேறும், உடம்பும் வேலை செய்துகொண்டே இருக்கும். ஸ்லெட்டில் இருப்பவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். முன்வண்டி கிளப்பும் பனித்தூள் அவர்கள் மேல்தான் விழும். அதன் புகையும் அங்கேதான் வரும். பக்கத்தில் இருப்பவரோடு பேசவும் முடியாது, இரைச்சல் அப்படி. பெரியவர்களுக்குச் சாகசமாகத் தெரியும் ஒரு மணிநேரம் ஐந்து வயதுக் குழந்தைக்கு இருட்டில் குலுங்கிக்கொண்டே போகும் பெட்டி, அவ்வளவுதான்.

காற்றின் கணக்கையும் பாருங்கள். வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். காற்றில்லாத நாளில் நடந்து போகிறவருக்கு அது மைனஸ் 24 போலத் தெரியும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியில், மூடாத தோலுக்கு அதே குளிர் மைனஸ் 33 போல இருக்கும். ரோவனியெமியில் டிசம்பரில் தினமும் மைனஸ் 20 இருக்காது; மைனஸ் 5, மைனஸ் 10 என்று சுலபமான நாட்களும் வரும். ஆனால் மைனஸ் 25-க்குக் கீழே இறங்கும் நாட்களும் உண்டு, உங்களுக்கு எது வாய்க்கும் என்று பதிவு செய்யும்போது தெரியாது.

ஆகையால் சுற்றுலா மொத்தம் எத்தனை மணிநேரம் என்று கேட்பதில் பயனில்லை. நிறுவனத்துக்கு எழுதும்போது இப்படிக் கேளுங்கள்: பிள்ளைகள் ஸ்லெட்டில் ஒரே தடவையில் எத்தனை நிமிடம் உட்கார வேண்டும்? நடுவில் நிறுத்துவீர்களா? நிறுத்தும் இடத்தில் நெருப்பு மூட்டிய குடிலோ சூடான அறையோ இருக்கிறதா? ஐந்து வயதுக்கு நான் வைக்கும் அளவு ஒரு தடவைக்கு இருபது நிமிடம், மிஞ்சினால் அரை மணி. முதல் தொகுப்பில் பண்ணைக்குப் போக மட்டுமே ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆகலாம், திரும்பி வரும்போது இன்னொரு முறை அதே பாடு. போகும்போது உற்சாகத்தில் தாங்கிவிடுவார்கள். திரும்பும்போது களைப்பும் குளிரும் சேர்ந்துகொள்ளும்; நடுக்காட்டில் வேறு வண்டியும் கிடைக்காது.

வெளிச்சமும் ஒரு காரணம். ரோவனியெமி ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய ஊர். டிசம்பர் கடைசியில் காலை 11 மணியளவில் சூரியன் எழுந்து மதியம் ஒன்றரையளவில் மறைந்துவிடும். அதற்கு முன்னும் பின்னும் நீலமான மங்கல் வெளிச்சம் சிறிது நேரம் இருக்கும், அழகாகவே இருக்கும். ஆறு மணிநேரப் பயணத்தில் பாதி அந்த மங்கலிலோ இருட்டிலோதான். இதே குடும்பம் பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ போவதாகச் சொல்லியிருந்தால் என் பதில் இவ்வளவு கறாராக இருந்திருக்காது. அப்போது பகல் நீளம், பனியும் நன்றாகப் படிந்திருக்கும்.

உங்கள் கணவருக்கு என் யோசனை இதுதான். குடும்பச் சுற்றுலாவை இரண்டாவது தொகுப்பில் முடித்துவிட்டு, வேறொரு நாள் பெரியவர்களுக்கு மட்டுமான இரண்டு மணிநேர ஸ்னோமொபைல் பயணத்துக்கு அவரைத் தனியாக அனுப்புங்கள். விலைப்பட்டியலில் இருப்பது பெரும்பாலும் ஒரு வண்டியில் இருவர் என்ற கணக்கு. தனியாக ஓட்டக் கூடுதல் கட்டணம் உண்டு. அதைக் கொடுத்தாலும் பரவாயில்லை. பிள்ளைகள் பின்னால் இல்லாதபோது வழிகாட்டியும் கொஞ்சம் வேகமாகக் கூட்டிப்போவார். பின்லாந்தில் நிலத்தில் ஸ்னோமொபைலுக்கான உச்சவரம்பு மணிக்கு 60 கிலோமீட்டர், உறைந்த ஏரி, ஆற்றின் மேல் 80. சுற்றுலாக் குழுக்கள் அந்த எல்லைவரை போவது அரிது.

ஓட்டுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. கியர் கிடையாது. வலது கட்டைவிரலால் அழுத்தினால் வேகம், இடது கைப்பிடியில் பிரேக். முன்னால் இரண்டு பனிச்சறுக்குப் பலகைகள், பின்னால் பட்டைச் சக்கரம். ஓட்டுபவரின் உடையோடு ஒரு கயிற்றை மாட்டிவிடுவார்கள். அவர் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இயந்திரம் நின்றுவிடும். புதிதாக ஓட்டுகிறவர்கள் தடுமாறுவது வளைவில். பயத்தில் வேகத்தை முழுக்க விட்டுவிட்டால் வண்டி திரும்ப மறுத்து நேராகப் போகும். லேசாக அழுத்தியபடியே, உடம்பை வளைவின் உட்பக்கம் சாய்க்க வேண்டும். வண்டி சாய்கிறதே என்று காலை நீட்டி ஊன்றுவது மோட்டார் சைக்கிள் பழக்கம். இங்கே அதைச் செய்யவே கூடாது. இருநூற்றைம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள இயந்திரம் காலின் மேல் விழும்.

உரிமத்தைப் பொறுத்தவரை, ஓட்டுபவருக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும், செல்லுபடியாகும் கார் உரிமம் வேண்டும் என்று சுற்றுலா நிறுவனங்கள் கேட்கும். அசல் அட்டையையே பார்ப்பார்கள். போனில் இருக்கும் படத்தை ஏற்பார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துக்கொண்டு, உங்கள் உரிமத்தின் விவரத்தை நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதி எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். எல்.எல்.ஆர். செல்லாது. குடித்துவிட்டு ஓட்டினால் கார் ஓட்டியது போலவே குற்றம்.

இன்னொரு செலவைப் பலர் கவனிப்பதில்லை. வண்டி சேதமானால் ஒரு குறிப்பிட்ட தொகைவரை ஓட்டியவரே கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். அது பல நூறு யூரோ. சிறிய கட்டணம் கட்டி இந்தப் பொறுப்பைக் குறைத்துக்கொள்ள வழி தருகிறார்கள். முதல்முறை ஓட்டுபவர் அதைக் கட்டிவிடுவது நல்லது. மரத்தில் உரசி முன்மூடி உடைவது இங்கே அபூர்வமே இல்லை.

உடைக்கு வருவோம். கனமான முழு உடுப்பு, பூட்ஸ், கையுறை, ஹெல்மெட் எல்லாம் நிறுவனமே கொடுக்கும். அதற்காகத் தனியாக வாங்கிச் செலவழிக்க வேண்டாம். உள்ளே போடுவதில்தான் உங்கள் கவனம் இருக்க வேண்டும். உடம்பை ஒட்டிய முதல் அடுக்கு மெல்லிய கம்பளியாகவோ செயற்கை இழையாகவோ இருக்கட்டும். பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும், வண்டி நின்றதும் அந்த ஈரம் நடுங்க வைக்கும். அதன் மேல் ஒரு ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கை இழை மேலாடை). பிள்ளைகளுக்கு விரல் பிரிந்த கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் கையுறையே சூடு. பூட்ஸைப் பொறுத்தவரை, விரல்கள் உள்ளே தாராளமாக அசைய வேண்டும். இரண்டு சாக்ஸைத் திணித்து இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சீக்கிரம் சில்லிடும். ஒரு அளவு பெரிய பூட்ஸைக் கேட்டு வாங்குங்கள். கம்மல், மூக்குத்தி போன்ற உலோகம் தோலில் குளிரை ஏற்றும். அன்று ஒருநாள் கழற்றி வையுங்கள். கழுத்துத் துண்டு, நீளமான பின்னல் எல்லாம் உடுப்புக்குள்ளே போக வேண்டும், சுழலும் பட்டைச் சக்கரத்தில் எதுவும் சிக்கக் கூடாது.

கிளம்பும் முன் மகளைக் கழிவறைக்குக் கூட்டிப்போங்கள். சிரிக்காதீர்கள். அந்த உடுப்பைக் கழற்றி மாட்டக் கால் மணிநேரம் ஆகும்.

நிற்கும்போதெல்லாம் பிள்ளைகளின் கன்னத்தையும் மூக்கு நுனியையும் பாருங்கள். வெள்ளையாகத் திட்டு தெரிந்தாலோ, தொட்டால் உணர்ச்சியில்லை என்றாலோ உறைபுண்ணின் (குளிரில் தோல் உறைந்து கெடுவது) தொடக்கம். வெறும் உள்ளங்கையை அதன் மேல் வைத்துச் சூடேற்றுங்கள். தேய்க்காதீர்கள், பனியை வைத்துத் தேய்ப்பது அதைவிட மோசம். குழந்தை “கால் வலிக்குது” என்று அழுதுகொண்டிருந்து திடீரென்று அமைதியானால் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பூட்ஸைக் கழற்றிப் பாருங்கள்.

அம்மா தாராளமாக வரலாம், ஆனால் ஸ்லெட்டில் வேண்டாம். ஸ்னோமொபைல் இழுக்கும் ஸ்லெட் ஒவ்வொரு பள்ளத்திலும் முதுகுத்தண்டில் இடிக்கும். முதுகுவலி, எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கு அது ஆகாது. இதய நோயோ ஆஸ்துமாவோ இருந்தால் கடுங்குளிருக்குப் போகும் முன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். இரண்டாவது தொகுப்பில் அவர் உங்களோடு வேனில் வந்துவிடுவார், நீங்கள் ஸ்னோமொபைலில் போகும் நேரம் குடிலில் நெருப்பருகே இருக்கலாம். அதற்கு இடம் உண்டா என்று மட்டும் முன்பே கேளுங்கள்.

ரெயின்டீர் சவாரி அவருக்கும் மகளுக்கும் பொருத்தமானது. அது நடை வேகம். ஒரு கிலோமீட்டர் சுற்று கால் மணிநேரம் போல ஆகும். சறுக்குவண்டி தரையோடு தரையாகத் தாழ்வாக இருக்கும், மேலே ரெயின்டீர் தோல் விரித்திருப்பார்கள். உட்காருவது சுலபம், எழுந்திருக்கத்தான் முழங்கால் வலிக்காரர்களுக்கு ஒருவர் கைகொடுக்க வேண்டும். வண்டி இழுப்பவை பெரும்பாலும் காயடித்த ஆண் மான்கள். சாதுவானவைதான், ஆனால் முகத்தையும் கொம்பையும் தொட வந்தால் தலையை உதறும்; அந்த உதறலில் கொம்பு குழந்தையின் கண் உயரத்துக்கு வரும். கழுத்திலோ முதுகிலோ தடவலாமா என்று பண்ணைக்காரரைக் கேட்டுவிட்டுத் தடவட்டும். இயந்திர இரைச்சல் இல்லாததால், மான் நடக்கும்போது காலில் தசைநார் எலும்பின் மேல் வழுக்கி ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்கும். மகனிடம் அதைக் கவனிக்கச் சொல்லுங்கள். ரெயின்டீரில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு. காயடிக்காத வளர்ந்த ஆண் குளிர்காலத் தொடக்கத்திலேயே கொம்பை உதிர்த்துவிடும், பெண் வசந்தம்வரை வைத்திருக்கும். மொட்டைத் தலையோடு நிற்பதைப் பார்த்து ‘பெண்’ என்று அவன் சொன்னால் திருத்தலாம்.

பதிவை உறுதிசெய்யும் முன் இரண்டு விதிகளைப் படியுங்கள். ஒன்று, கடுங்குளிர் வந்தால் என்ன என்பது. மைனஸ் 25, 30 என்று போகும்போது பல நிறுவனங்கள் பிள்ளைகளை ஏற்ற மறுக்கும், பாதையைச் சுருக்கும் அல்லது ரத்துசெய்யும். பணம் திரும்புமா, வேறு நாள் கிடைக்குமா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஊரில் தங்கும் முதல் நாளிலேயே சுற்றுலாவை வைத்துக்கொண்டால் தள்ளிப்போட நாள் மிச்சமிருக்கும். இரண்டாவது, உங்கள் பயணக் காப்பீடு. ஸ்னோமொபைல் போன்ற மோட்டார் விளையாட்டுகளை விலக்கும் பாலிசிகள் நிறைய இருக்கின்றன. கணவர் ஓட்டுவதற்கும் பிள்ளைகள் ஸ்லெட்டில் போவதற்கும் சேர்த்தே கேட்டுப் பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.