இரண்டு வயது ரிவ்யூ: உங்கள் கேள்விகள்

கே: நர்சரியில் மகளைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அடுத்த வாரமே ஹெல்த் விசிட்டரிடமிருந்து (சின்னக் குழந்தைகளின் வளர்ச்சியைக் கவனிக்கும் நர்ஸ்) இரண்டு வயது ரிவ்யூவுக்கு, அதாவது வளர்ச்சிப் பரிசோதனைக்கு, கடிதம். இதற்கும் போக வேண்டுமா? (ஹாரோ)

ப: போங்கள். இரண்டும் வேறு. இரண்டிலிருந்து மூன்று வயதுக்குள் நர்சரியோ, தன் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சைல்ட்மைண்டரோ எழுதித் தர வேண்டிய அறிக்கை சட்டப்படியானது. பேச்சு, உடல் வளர்ச்சி, மற்றவர்களோடு பழகும் விதம் மூன்றையும் அதில் பார்ப்பார்கள். ஹெல்த் விசிட்டர் பார்ப்பது இரண்டு, இரண்டரை வயதுக்குள். இங்கிலாந்தில் 2015 முதல் இரண்டையும் சேர்த்து நடத்துவதுதான் ஏற்பாடு. சில இடங்களில் நர்சரியிலேயே எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிறார்கள். பல இடங்களில் நர்சரியின் அறிக்கை ஹெல்த் விசிட்டரின் மேசைக்கு வந்து சேர்வதே இல்லை. அதனால் அறிக்கையை ரெட் புக்கில் (குழந்தையின் உடல்நலப் பதிவேடு) செருகி நீங்களே கொண்டுபோங்கள்.

கே: பையன் பேசவே மாட்டேன் என்கிறான். உடனே பதில் தேவை. (ஊர் எழுதவில்லை)

ப: ஊர் போகட்டும், வயதையாவது எழுதியிருக்கலாமே! ஒன்றரை வயதுக்கு ஒரு பதில், மூன்று வயதுக்கு வேறு பதில். சொன்னால் புரிகிறதா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா, ஒன்றும் தெரியவில்லை. பொதுவாகச் சொன்னால், இரண்டு வயதில் ஐம்பது சொல்லாவது இருக்கும், 'அம்மா வா' என்று இரண்டு சொல்லைச் சேர்க்கவும் தொடங்கியிருப்பான். அதைவிட ரொம்பக் குறைவென்றால் ஹெல்த் விசிட்டரை அழையுங்கள். முன்பு சொன்ன சொற்களை இப்போது சொல்வதில்லை என்றால் ரிவ்யூ தேதிக்காகக் காத்திருக்காமல் ஜி.பி.யை (குடும்ப டாக்டர்) பாருங்கள். எப்படியானாலும் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். பிறந்தபோது செய்த சோதனையில் சரியாக இருந்தது என்பது போதாது. நடுக்காதில் நீர் தேங்கும் க்ளூ இயர் பிறகு வருவது.

கே: ரிவ்யூவுக்காகப் பெற்றோர் நிரப்பும் கேள்வித்தாளில் மகனுக்கு எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டேன், முழு மதிப்பெண். ஆனால் நர்சரி அறிக்கையில் 'பேச்சில் கவனம் தேவை' என்று எழுதியிருக்கிறார்கள். புகார் கொடுக்கலாமா? (மில்டன் கீன்ஸ்)

ப: புகார் இருக்கட்டும். அந்தத் தாளை எங்கே வைத்து நிரப்பினீர்கள்? கிளினிக் வாசலில், ஐந்து நிமிடத்தில் என்றால் அதில் இருப்பது உங்கள் ஆசை மட்டும்தான்.

ஐந்து பிரிவு, பிரிவுக்கு ஆறு கேள்வி. 'ஆம்' என்றால் 10, 'சில நேரம்' என்றால் 5, 'இன்னும் இல்லை' என்றால் 0. எண்ணைப் பார்த்ததும் நம்மவர்களுக்குப் பரீட்சை ஞாபகம் வந்துவிடுகிறது. ரிவ்யூவுக்கு முந்தைய வாரம் கட்டை அடுக்கப் பயிற்சி, கோடு போடப் பயிற்சி. டியூஷன் வைக்காததுதான் பாக்கி! இதில் யாரும் ஃபெயில் ஆவதில்லை, யாருக்கும் பள்ளியில் இடம் போவதில்லை. மதிப்பெண் குறைந்தால் ஹெல்த் விசிட்டர் இன்னும் கொஞ்சம் விசாரிப்பார், வீட்டில் செய்ய விளையாட்டுகள் சொல்வார், சில மாதம் கழித்து மறுபடி பார்ப்பார், தேவைப்பட்டால் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்புவார். அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று எல்லோருக்கும் தெரியும். உள்ளதை எழுதியவரின் பிள்ளை இன்றே அதில் நிற்கும். உங்கள் பிள்ளை பள்ளியின் முதல் வகுப்பான ரிசெப்ஷனுக்குப் போன பிறகு வந்து நிற்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஃபோர்க்கால் சாப்பிடுகிறானா என்று தாளில் இருக்கும். நாம் சோற்றைப் பிசைந்து ஊட்டுகிறோம், பிறகு 'இன்னும் இல்லை' போடுகிறோம். கையில் கொடுத்தால்தானே தெரியும்? தாள் வந்ததும் இரண்டு மூன்று நாள் ஒவ்வொன்றையும் செய்ய வைத்துப் பாருங்கள், அப்புறம் எழுதுங்கள். முன்பும் சொன்னேன், இனியும் சொல்வேன்.

நர்சரி விஷயத்துக்கு வருவோம். வீட்டில் அவன் வாய் திறக்கும் முன் தண்ணீர் வந்துவிடும். நர்சரியில் கேட்டால்தான் கிடைக்கும். நீங்கள் பார்த்ததும் நிஜம், அவர்கள் பார்த்ததும் நிஜமாக இருக்கலாம். அவனைக் கவனிக்கும் கீ பெர்சனிடம் எப்போது பேசுகிறான், யாரோடு பேசுகிறான், எதற்குத் திணறுகிறான் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு ரிவ்யூவில் சொல்லுங்கள். அப்புறம், காது.

கே: வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசுங்கள் என்று நர்சரியில் சொல்கிறார்கள். (டூட்டிங்)

ப: வேண்டாம். உங்களுக்குச் சரளமாக வரும் மொழியிலேயே பேசுங்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. சொற்களை எண்ணும்போது தமிழ்ச் சொற்களையும் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள். ரிவ்யூவுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் தேதி வாங்கும்போதே கேளுங்கள், காசு கிடையாது.

கே: ஐந்து வாரம் முன்னதாகப் பிறந்தவள். அதைக் கழித்துப் பார்க்க வேண்டுமா? (லெஸ்டர்)

ப: இரண்டு வயது வரை கழிக்கலாம். அதற்குப் பிறகு பிறந்த தேதிதான் கணக்கு. குறைமாதம் என்பதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்.

கே: பேரனைப் பகல் முழுக்க நான்தான் பார்க்கிறேன். ரிவ்யூவுக்கு மகளோடு நானும் போகலாமா? (ஈஸ்ட் ஹாம், அம்மம்மா)

ப: கட்டாயம் போங்கள். பெற்றோர் சம்மதித்தால் போதும், நீங்கள் பார்ப்பதை அவர்கள்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் மகள் 'இன்னும் பேசவில்லை' என்று சொல்லும்போது 'இவள் அப்பாவும் நாலு வயதில்தான் பேசினார்' என்று இடையில் புக வேண்டாம்.

கே: நர்சரியும் ஹெல்த் விசிட்டரும் எங்களைக் கேட்காமல் பேசிக்கொள்வார்களா? (குரோய்டன்)

ப: அறிக்கையை நேராகப் பகிர உங்கள் சம்மதம் வேண்டும். குழந்தைக்கு ஆபத்து என்ற கவலை இருந்தால் மட்டும் விதிவிலக்கு. சம்மதம் கொடுப்பதே நல்லது. ஒரே கதையை மூன்று இடத்தில் சொல்லும் அலைச்சல் மிச்சம்.

கே: மகளுக்கு இரண்டே முக்கால் வயது. இன்னும் கடிதமே வரவில்லை. (ரீடிங்)

ப: வீடு மாறினீர்களா? மாறியிருந்தால் கடிதம் பழைய விலாசத்துக்குப் போயிருக்கும். புதிய இடத்து ஜி.பி.யில் பதிந்துவிட்டு, உங்கள் பகுதி ஹெல்த் விசிட்டிங் குழுவுக்கு நீங்களே போன் செய்யுங்கள். இரண்டரை தாண்டிவிட்டது என்று தயங்க வேண்டாம். நர்சரி அறிக்கைக்கு மூன்று வயது வரை நேரம் இருக்கிறது, அதையும் இந்த வாரமே கேளுங்கள். ஏதாவது கவலை இருந்தால் நர்சரியிலேயே சென்கோ (சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான ஒருங்கிணைப்பாளர்) பொறுப்பில் ஒருவர் இருப்பார். அவரோடு பேச எந்தக் கடிதமும் தேவையில்லை.