கீமோ முடிந்து நோய் இல்லை என்ற பிறகும் எம்.ஆர்.டி. டெஸ்ட் எதற்கு?

தங்கச்சி, மகளுக்கு ஏ.எல்.எல். என்ற இரத்தப் புற்றுநோய், முதல் கட்ட கீமோ முடிந்து என்பு மச்சையில் (எலும்புக்குள் இருக்கும் மச்சையில்) நோய் இல்லை என்று சொல்லிவிட்டு இப்போது எம்.ஆர்.டி., அதாவது மிச்சமிருக்கும் நோயைத் தேடும் டெஸ்ட், பார்க்க வேண்டும் என்கிறார்கள், இது தேவையில்லாத செலவா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவையான செலவு, கட்டாயம் செய்யுங்கள். அக்காவின் மகனுக்கும் இதே நோய்தான், தெல்லிப்பழை, மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிகளுக்கு அவனோடு போய்வந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது நூற்றுக்கு 5க்குக் குறைவாகக் கெட்ட கலம் (புற்றுநோய்ச் செல்) இருந்தாலே 'ரெமிஷன்', அதாவது நோய் அடங்கிவிட்டது, என்று எழுதிவிடுவார்கள். ஆனால் நோய் பிடிபடும் நேரம் உடம்பில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் கோடி கெட்ட கலங்கள் இருக்கும், அதில் 99 சதவீதம் செத்தாலும் மிச்சம் 1000 கோடி! அந்த மிச்சத்தைத் தேடுவதுதான் எம்.ஆர்.டி. அதை இரண்டு முறையில் பார்ப்பார்கள். ஃப்ளோ சைட்டோமெட்ரி என்றால், கலத்தில் உள்ள புரதங்களில் ஒளிரும் சாயத்தை ஒட்டவைத்து லேசர் முன்னால் ஒவ்வொன்றாக ஓடவிடுவார்கள், 10,000க்கு ஒன்று இருந்தாலும் அகப்படும். மற்றது பி.சி.ஆர்., கெட்ட கலத்தின் மரபணு அடையாளத்தைத் தேடுவது, இன்னும் நுணுக்கம். சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டத்தில் 0.01 சதவீதம்தான் பொதுவாகப் பார்க்கும் கோடு, அதைத் தாண்டினால் அடுத்த மருந்துகளைக் கடுமையாக்க யோசிப்பார்கள்.

அதனால் ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ்' என்று கண்டதும் மடித்து வைத்துவிடாதீர்கள். எத்தனை கலம் எண்ணினார்கள், எந்த அளவுவரை தேடினார்கள் என்று பாருங்கள். 0.01 சதவீதத்தை நம்பிச் சொல்ல லட்சக்கணக்கில் எண்ண வேண்டும், 20,000 கலத்தோடு நிறுத்தினால் அந்த நெகட்டிவுக்குப் பெறுமதி இல்லை.

இதைவிட முக்கியம், ஊசியில் முதலில் இழுக்கிற மச்சை எம்.ஆர்.டி.க்குப் போக வேண்டும். மருமகனுக்கு எடுத்தபோது பக்கத்தில் நின்றேன், முதல் சிரிஞ்சில் வந்ததைக் கண்ணாடித் தட்டில் விட்டபோது மச்சைத் துணிக்கைகள் சின்னச் சின்னப் பொட்டாக மினுங்கின, பிறகு இழுத்ததில் பெரும்பாலும் இரத்தம்தான். இரத்தம் கலந்தால் இருக்கிற நோயும் குறைவாகத்தான் காட்டும். ஃப்ளோ என்றால் கலங்கள் சாகுமுன் மாதிரி ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேரவும் வேண்டும், ஒன்றிரண்டு நாளுக்குள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு அனுப்புவதென்றால் வெள்ளிக்கிழமையிலோ போயா (பௌர்ணமி விடுமுறை) நாளுக்கு முதல் நாளோ எடுக்க வேண்டாம் என்று டொக்டரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

அப்புறம், நெகட்டிவ் வந்தாலும் மருந்தை நிறுத்தக் கூடாது. முழுச் சிகிச்சைக்கு 2 வருடத்துக்கு மேல் பிடிக்கும், கடைசிக் கட்டத்தில் வீட்டில் கொடுக்கிற குளிசைகளும் அதில் சேர்த்திதான்.