தலையில் பட்டி கட்டினால் கோபம் தணியுமா?

கேள்வி: அன்ரி, நான் சுன்னாகத்துக்குக் கிட்ட ஒரு ஆரம்பப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வயது 36. வகுப்பில் முப்பத்தைந்து பிள்ளைகளோடு பொறுமையாக இருக்கிற எனக்கு, வீட்டில் என்ரை ஒரே மகனோடு அப்படி இருக்க முடியவில்லை. வீட்டுப்பாடம் செய்ய இருத்தினால் பத்து நிமிசத்தில் கத்துகிறேன். போன கிழமை கையை ஓங்கிவிட்டேன். அவன் நித்திரையான பிறகு பக்கத்தில் இருந்து அழுகிறேன். கனடாவில் இருக்கும் அண்ணா, மூளை அலைப் பயிற்சி செய்து தனக்குப் பதற்றம் குறைந்தது என்று சொல்லி, தலையில் கட்டுகிற பட்டி ஒன்று அனுப்பியிருக்கிறார். கொழும்பில் முழுப் பயிற்சியும் எடு, காசு நான் தாறன் என்கிறார். மாமியோ 'இது கரண்ட் பிடிக்கிற வேலை, விசராக்கிப் போடும்' என்று பட்டியை அலுமாரிக்கு மேல் தூக்கி வைத்துவிட்டா. நான் என்ன செய்ய?
– ஓர் ஆசிரியை, சுன்னாகம்

மறுமொழி: மகள், முதலில் மாமியின் பயத்தைத் தீர்ப்போம். எங்கள் சனம் 'கரண்ட் பிடிக்கிறது' என்று சொல்வது மின்வலிப்புச் சிகிச்சையை. அது மயக்க மருந்து கொடுத்து ஆஸ்பத்திரியில் வைத்தியர்கள் செய்வது. கடும் மனச்சோர்வில் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தவர்கள் அதனால் எழும்பி நடந்ததை, உளநல விடுதியில் தாதியாக வேலை செய்த காலத்தில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்கும் உங்கள் அண்ணா அனுப்பிய பட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பட்டியில் இருந்து தலைக்குள் எதுவும் போகாது. மூளையில் இருந்து தலைத்தோல் வரை வந்துசேருகிற மின்னை அது அளக்கிறது, அவ்வளவுதான். அந்த மின்னும் ஒரு வோல்ற்றைப் பத்து இலட்சம் பங்காக்கினால் அதில் சில பத்துப் பங்கு. ரோர்ச் பற்றரி ஒன்றே ஒன்றரை வோல்ற். இந்தப் பந்தியை மாமிக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அந்தச் சின்ன மின்னை மனிதத் தலையில் முதலில் பதிந்தவர் ஜேர்மனியின் ஜேனா நகரில் இருந்த ஹான்ஸ் பேர்கர் என்ற உளமருத்துவர். 1924இல் பதிந்தார், 1929இல்தான் வெளியிட்டார். விழித்தபடி கண்ணை மூடி ஆறுதலாக இருக்கும்போது செக்கனுக்கு 8 தொடக்கம் 12 தடவை அடிக்கிற அலை ஒன்று எழும்புகிறது, கண்ணைத் திறந்ததும் அடங்குகிறது என்று கண்டார். அதுதான் அல்பா. அதைவிட மெதுவானவை தீற்றா, டெல்ற்றா. வேகமானது பீற்றா. யோசனையும் பரபரப்புமாக இருக்கிற நேரங்களில் பீற்றா கூடுதலாகத் தெரியும். ஆனால் இந்த அலை நல்லது, அந்த அலை கெட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நித்திரைக்கு டெல்ற்றா வேண்டும், வகுப்பில் கணக்குப் படிப்பிக்கப் பீற்றா வேண்டும்.

அலையைப் பயிற்றலாம் என்ற யோசனை வந்தது 1950களின் கடைசியில், சிக்காகோ பல்கலைக்கழகத்தில். ஜோ கமியா என்ற உளவியலாளர் ஆட்களை இருட்டறையில் கண்ணை மூடி இருக்க வைத்தார். மணி அடித்ததும், இப்போது மூளையில் அல்பா ஓடுகிறதா இல்லையா என்று அவர்கள் சொல்லவேண்டும். சரியா பிழையா என்று உடனே அவர்களுக்குச் சொல்லப்படும். தொடக்கத்தில் குருட்டுமதிப்புத்தான். சில நாட்களில் சிலர் பெரும்பாலும் சரியாகவே சொன்னார்கள். எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் அவர்களால் விளக்க முடியவில்லை. சங்கீதம் பழகியவர்களுக்கு இது விளங்கும். சுருதிப்பெட்டி ஓடிக்கொண்டிருக்க, குரல் விலகினால் காதுக்குத் தெரியும், குரல் தானாகத் திரும்பிச் சேரும். எந்தத் தசையை எப்படி அசைத்தோம் என்று யாருக்குத் தெரியும்? மூளை அலைப் பயிற்சியின் அடிப்படையும் அதுதான். நியூரோபீட்பாக் என்று சொல்வார்கள்.

நான் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். 2017இல் மகளோடு லண்டனில் மூன்று மாதம் இருந்தபோது அவளின் சிநேகிதி ஒருத்தி இந்தப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தா. முதல் நாள் தலைக்கு நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு போய்விட்டேன். 'எண்ணெய் இருந்தால் மின்முனை பிடிக்காது அன்ரி, முழுகிப்போட்டு நாளைக்கு வாங்கோ' என்றா. மறுநாள் உச்சந்தலையில் குளிர்ந்த பசை பூசி ஒரு மின்முனை, இரண்டு காதுச் சோணையிலும் ஒவ்வொரு கிளிப். திரையில் கடல். அல்பா எழும்பினால் கடல் தெளியும், குறைந்தால் பனிமூட்டம் மூடும்.

அமைதியாக இரு, அமைதியாக இரு என்று எனக்கே கட்டளை போட்டேன். பனி மூடியது. இன்னும் முயன்றேன், இன்னும் மூடியது. சரி, விடுவோம் என்று கதிரையில் சாய்ந்தபோது கடல் கொஞ்சம் தெளிந்தது. தண்ணீரைப் பார்த்ததாலோ என்னவோ, அந்த நேரம் பார்த்து வலிகாமத்துச் சனமெல்லாம் ஒரேயடியாக இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவு நினைவுக்கு வந்தது. நாவற்குழிப் பாலம், சனத்துக்குள் நசுங்கி நின்றது, இடுப்பில் இருந்த இதே மகள். திரை முழுக்க வெள்ளை. பயிற்சி கொடுத்த பிள்ளை மெதுவாகச் சொன்னா: 'அன்ரி, இது மூளை அலை மட்டும் இல்லை. பல்லைக் கடிக்கிறீங்கள். தாடைத் தசையின்ரை மின்னும் இதுக்குள்ளை வருது.' கையை வைத்துப் பார்த்தேன். தாடை கல்லாக இருந்தது. இருபத்திரண்டு வருசம் அந்தப் பாலத்தை நினைத்தபோதெல்லாம் பல்லைக் கடித்திருக்கிறேன், ஒரு நாளாவது எனக்குத் தெரியாது. மற்றவர்களுக்கு 'உடம்பைக் கவனியுங்கள்' என்று சொல்லிக் கொடுத்த எனக்கே தெரியாது. மிச்ச நாட்களில் நான் பழகியதெல்லாம் அந்தத் தாடை இறுகத் தொடங்குகிற நொடியைப் பிடிப்பது. இப்போதும் வீட்டில் பிடிக்கிறேன், பொறி ஒன்றும் இல்லாமல்.

இனி ஆய்வுகள். அமெரிக்காவில் 7 தொடக்கம் 10 வயதுவரையான, கவனக்குறைவும் துடியாட்டமும் உள்ள 142 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உண்மையான பயிற்சி, மற்றதுக்கு அதேபோல் தோன்றும் போலிப் பயிற்சி. இரண்டு குழுவும் முன்னேறின, இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் இல்லை. நித்திரையின்மைக்கு 2017இல் ஒஸ்ரியாவில் நடந்த ஆய்விலும் அதே கதை. நெடுநாள் மனவடு உள்ள 52 பேரோடு 2016இல் வெளிவந்த ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் அதில் ஒப்பிட்டது, பயிற்சிக்காகக் காத்திருந்தவர்களோடு. உங்கள் அண்ணாவுக்குப் பதற்றம் குறைந்தது பொய் என்று நான் சொல்லவில்லை. கிழமைக்கு இரண்டு மூன்று முறை ஒருவர் அக்கறையோடு பக்கத்தில் இருக்க, தன் உடம்பையும் மனதையும் மட்டும் கவனித்தபடி ஆறுதலாக இருந்தால் யாருக்கும் குறையும். அந்தப் பலனில் அலைக்கு எவ்வளவு பங்கு, அப்படி ஆறுதலாக இருந்ததற்கு எவ்வளவு பங்கு என்பதுதான் கேள்வி.

ஆகவே கொழும்புக்குப் போகவேண்டாம். இந்தப் பயிற்சி வழக்கமாக 20 தொடக்கம் 40 தடவை. நானூறு கிலோமீற்றர் இரவு பஸ்சில் போய்வந்து, நித்திரை முறிந்து, அடுத்த நாள் பிள்ளையோடு பொறுமையாக இருப்பது எப்படி?

பட்டியை அலுமாரியில் இருந்து இறக்குங்கள். நெற்றியைக் கழுவித் துடைத்து, மின்முனை படுகிற இடத்தைச் சாடையாக ஈரமாக்கிக் கட்டுங்கள். பத்து நிமிசம் போதும். பற்கள் ஒன்றில் ஒன்று படாமல் இருக்கட்டும். திரையில் வருகிற புள்ளியைக் கூட்டப் பார்க்கவேண்டாம், புள்ளி குறைகிற நேரம் உடம்பில் எந்த இடம் இறுகுகிறது என்று தேடுங்கள். உங்களுக்கு அது தோளாக இருக்கலாம், வயிறாக இருக்கலாம். அந்த இடம் தெரிந்தபிறகு பட்டி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் மகனுக்குக் கட்டவேண்டாம்.

அப்புறம், ஒன்றரைக்குப் பள்ளி விட்டு வந்து வீட்டுப்பாடத்துக்கு இருத்துகிறவரை நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எழுதவில்லை. சமையல், உடுப்பு, மாமிக்கு மருந்து என்று ஊகிக்கிறேன். ஒரு தேத்தண்ணியாவது இருந்து குடிக்கிறீர்களா? முப்பத்தைந்து பிள்ளைகளுக்குக் கொடுத்த பொறுமை அங்கேயே முடிந்துவிடுகிறது, மகனுக்கு மிஞ்சுவது அடிச்சட்டிதான். குசினிக்குள் போகமுன் கிணற்றடியிலோ விறாந்தையிலோ பத்து நிமிசம் இருங்கள். நிமிசத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கில், உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டுங்கள். வெளிமூச்சு நீளும்போது வேகஸ் என்ற நரம்பு வழியாக இதயத் துடிப்பு தணிகிறது. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில் இங்கே உளநல வேலைக்குள் கொண்டுவந்த முறைகளில் மூச்சுப் பயிற்சியும் செபமும் முக்கியமானவை. மாமி தேவாரம் பாடுகிறவராக இருந்தால் அவரையும் பக்கத்தில் இருத்துங்கள். ஒரு வரியை ஒரே மூச்சில் இழுத்துப் பாடுவதும் நீண்ட வெளிமூச்சுத்தான்.

கோபம் ஏறுகிறது என்று தெரிந்ததும் மகனுக்குக் கேட்கச் சொல்லுங்கள்: 'அம்மாவுக்கு இப்ப கோவம் வருது. அம்மா தண்ணி குடிச்சிட்டு வாறன்.' உணர்ச்சிக்குப் பெயர் சொல்லும்போது அச்சத்தையும் ஆத்திரத்தையும் கிளப்புகிற அமிக்டலாவின் வேகம் குறைவதை மூளைப் படங்களிலேயே காட்டியிருக்கிறார்கள். மகனும் அந்த வசனத்தைப் பழகுவான். கை ஓங்கியதற்கு அவனிடம் இன்றைக்கே மன்னிப்புக் கேளுங்கள்.

இரவு அழுகை இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால், நித்திரையும் சாப்பாடும் குறைந்தால், தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். உங்களுக்குக் கிட்ட, காசும் இல்லை. நடு இரவில் தாங்காவிட்டால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு அழைத்துத் தமிழிலேயே கதையுங்கள்.

கேள்வி: ஏ.எல் எடுக்கிறேன். யூரியூபில் 'அல்பா அலை இசை' என்று வருகிறது. அதைக் கேட்டபடி படித்தால் பதற்றம் குறையுமா?
– மாணவன், கொக்குவில்

மறுமொழி: தம்பி, அந்த இசைக்குப் பின்னால் உள்ள யோசனை இது: ஒரு காதில் செக்கனுக்கு 200, மறு காதில் 210 அதிர்வுள்ள ஒலியைக் கொடுத்தால், மூளை இரண்டுக்கும் இடையிலான பத்தை ஒரு துடிப்பாக உணரும். அது உண்மை. அதனால் மூளை அலையும் பத்துக்கு மாறிவிடும் என்பதற்கு ஆய்வுகள் ஒத்த முடிவு தரவில்லை. அதோடு அது பயிற்சியும் இல்லை. உங்களுக்குள் என்ன நடக்கிறது என்று அந்த இசை உங்களுக்குத் திருப்பிச் சொல்வதில்லையே. கேட்க ஆறுதலாக இருந்தால் படித்து முடித்தபிறகு, சத்தத்தைக் குறைத்துக் கேளுங்கள். வலிப்பு வருகிறவர் என்றால் வைத்தியரிடம் கேட்காமல் வேண்டாம். படிக்கும்போது போன் அடுத்த அறையில் இருக்கட்டும், இரவு பதினொன்றுக்கு விளக்கை அணையுங்கள்.