ரூலெட்ல டபுள் பண்ணிக்கிட்டே போனா காசு வருமா? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிவப்புல 10 வை, தோத்தா 20, அதுவும் தோத்தா 40, எப்போ ஜெயிச்சாலும் போனதெல்லாம் திரும்பி வந்து மேல 10 லாபம்னு ஃப்ரெண்ட் சொல்றான். நானும் பேப்பர்ல போட்டுப் பார்த்தேன், சரியாத்தான் வருது. எங்க இடிக்குது?

பதில்: ரூலெட்னா, நம்பர் போட்ட சக்கரத்தைச் சுத்தி விட்டு பந்து சிவப்புலயா கருப்புலயா விழும்னு பந்தயம் கட்டுற கேசினோ சூதாட்டம், சிவப்புல வெச்சு சிவப்பு விழுந்தா வெச்ச அளவுக்கு லாபம். நீங்க போட்ட கணக்கு சரிதாங்க, பாதியில நிறுத்திட்டீங்க, அவ்வளவுதான். மார்ட்டிங்கேல்னு இதுக்குப் பேரு, ரொம்பப் பழைய முறை. என்னிக்காவது சிவப்பு வரத்தான் செய்யும், ஆனா அது வர்ற வரைக்கும் உங்க கையில காசு இருக்கணும், அந்தக் காசை டேபிள்ல வாங்கிக்கவும் செய்யணும், இந்த ரெண்டுக்குமே ஒரு எல்லை இருக்கு. ஒரு தடவைக்கு அதிகபட்சம் வைக்கக்கூடிய டேபிள் லிமிட் 1000னு வெச்சுக்குவோம். 10, 20, 40, 80, 160, 320, 640, அதோட முடிஞ்சுது, அடுத்த 1280ஐ வாங்க மாட்டாங்க. அந்த ஏழாவது பெட்டை மட்டும் பாருங்க, ஏற்கனவே 630 போயாச்சு, இப்போ 640ஐத் தள்ளி வைக்கிறீங்க, எல்லாம் அந்த 10 லாபத்துக்காக! அதுவும் கருப்புல விழுந்தா மொத்தம் 1270 காலி.

ஏழு தடவை தொடர்ந்தா தோக்கப்போறோம்னு கேப்பீங்க. ஒரே ஒரு ஸீரோ இருக்கிற ஐரோப்பிய சக்கரத்துல 37 கட்டம், அதுல சிவப்பு 18தான், மீதி 19ம் (கருப்பு 18, ஸீரோ ஒண்ணு) உங்களுக்கு எதிரி. 10ல ஆரம்பிச்சு ஜெயிக்கிற வரைக்கும், இல்லேன்னா ஏழும் தோக்கிற வரைக்கும் ஒரு ரவுண்டுன்னு வெச்சா, சுமாரா 106 ரவுண்டுல ஒண்ணு ஏழும் தோக்கிற ரவுண்டு. மத்த 105 ரவுண்டுல பத்து பத்தா 1050 சேர்ப்பீங்க, அந்த ஒரு ரவுண்டுல 1270 போயிடும். 200 தடவை சுத்துற ஒரே ராத்திரியில இப்படி ஒரு வரிசை வர்றதுக்கு பாதிக்கு மேலயே சான்ஸ் இருக்கு. 1913 ஆகஸ்ட் 18 அன்னிக்கு மான்டே கார்லோ கேசினோவுல 26 தடவை தொடர்ந்து கருப்பு விழுந்துச்சு, இனிமே சிவப்புதான்னு கூட்டம் கூட்டமா வெச்சவங்க காசெல்லாம் போச்சு. சக்கரத்துக்கு முன்னாடி என்ன விழுந்துச்சுன்னு ஞாபகமெல்லாம் கிடையாதுங்க.

கேள்வி: பேராசைப்படாம தினமும் 100 ஜெயிச்சதும் எந்திரிச்சு வந்துட்டா?

பதில்: அதே கணக்குல, நூறு நாள் விளையாடினா 91 நாள் நீங்க நினைச்சது நடக்கும், மொத்தம் 9100. மீதி 9 நாள்ல ஏறக்குறைய 11000 போயிடும். இதுல வில்லங்கமே அந்த 91தான், மாசக்கணக்கா ஜெயிச்சுக்கிட்டே இருக்கிற மாதிரி ஒரு ஃபீல் வந்து பெட்டையும் ஏத்திடுவோம். நடுவுல எந்திரிச்சு வீட்டுக்குப் போறதால ஒண்ணும் மாறாது, நாளைக்கு உக்காந்தா அதே சக்கரம் அதே ஸீரோதானே.

கேள்வி: டபுள் பண்ணாம மெதுவா ஏத்துற முறை இருக்காமே, அது சேஃப்தானே?

பதில்: டாலம்பேர்ட்னு ஒண்ணு இருக்கு, தோத்தா ஒரு படி ஏத்து, ஜெயிச்சா ஒரு படி இறக்கு. ஃபிபோனாச்சில தோக்கத் தோக்க பெட்டை 1, 1, 2, 3, 5, 8னு ஏத்திக்கிட்டுப் போகணும். லபூஷேர்ல வரிசையா நம்பர் எழுதி வெச்சு முதல் நம்பரையும் கடைசி நம்பரையும் கூட்டி வர்றதை பெட்டா வைக்கணும். எல்லாமே மெதுவா வலிக்கும், அவ்ளோதான் வித்தியாசம். பத்து தடவை தொடர்ந்து தோத்தா டாலம்பேர்ட்ல 550 போகும், மார்ட்டிங்கேல்ல (லிமிட்டே இல்லைன்னா) 10230. ஆனா நீங்க டேபிள்ல வைக்கிற ஒவ்வொரு 100க்கும் சராசரியா 2.70 கேசினோவுக்குத்தான், எந்த வரிசையில வெச்சாலும் இது மாறாது. ரெண்டு ஸீரோ இருக்கிற அமெரிக்க சக்கரத்துல 5.26. ஸீரோ விழுந்தா பாதி காசைத் திருப்பித் தர்ற டேபிள் கிடைச்சா, சிவப்பு கருப்பு மாதிரி சம பெட்டுக்கு மட்டும் 1.35 ஆகும், நிஜமாவே நஷ்டத்தைக் குறைக்கிறது அது ஒண்ணுதான், அதுக்கு எந்த சிஸ்டமும் வேண்டாம்.

(சைடுல ஒண்ணு: டாலம்பேர்ட் பெரிய கணித மேதை, ஆனா காசை ரெண்டு தடவை சுண்டினா ஒரு தலையாவது விழ வாய்ப்பு 2/3னு 1754ல பிரெஞ்சு கலைக்களஞ்சியத்துல எழுதினார், சரியான விடை 3/4. அவர் பேருலயே ஒரு பெட்டிங் முறை!)

கேள்வி: என் வீட்டுக்காரர் ஒவ்வொரு சுத்தையும் நோட்டுல எழுதி வெச்சிருக்கார். முறை சரிதான், கையில முதல் பத்தலை, ரெண்டு மடங்கு இருந்தா ஜெயிச்சிருப்பேன்னு கடன் கேக்கிறார். என்ன சொல்றது?

பதில்: குடுக்காதீங்கம்மா. டேபிள் லிமிட்டை மறந்துட்டே பார்த்தாலும், 1270 இருந்தா ஏழு பெட், 2550 இருந்தா எட்டு பெட், அதாவது முதலை ரெண்டு மடங்காக்கினா கூடக் கிடைக்கிறது ஒரே ஒரு சுத்து. கவுந்து போற வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகும், ஆனா கவுந்தா போற காசு ரெண்டு மடங்கு. விட்டதைப் பிடிக்கக் கடன் கேக்க ஆரம்பிச்சுட்டார்னா இது பொழுதுபோக்கு இல்லை, சூதாட்டப் பழக்கத்துக்கு சிகிச்சை தர்ற மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, பேங்க் கணக்கு கொஞ்ச நாள் உங்க கையில இருக்கட்டும், பழைய கடனையும் சத்தம் போடாம நீங்களே அடைச்சு விட்டுடாதீங்க. ஆன்லைன்ல ஆடுறார்னா தன்னைத்தானே தடுத்துக்கிற வசதி பல சைட்ல இருக்கு, அவரையே போட வைங்க. அந்த நோட்டைக் கிழிச்சுப் போட வேண்டாம். டாக்டர்கிட்ட போறப்போ எடுத்துட்டுப் போங்க, உள்ள போட்டது எவ்வளவு வெளிய எடுத்தது எவ்வளவுன்னு அவர் கையாலயே கூட்டி எழுதட்டும்.