‘சூப்பர்’ என்ற பதிலை வைத்து என்ன செய்வது?

அன்புள்ள சார்,

நான் கிராஃபிக் டிசைன் இறுதியாண்டு மாணவன். இன்டர்ன்ஷிப்புக்கும் வேலைக்கும் விண்ணப்பிக்க ஒரு போர்ட்ஃபோலியோ, அதாவது நான் செய்த டிசைன்களின் தொகுப்பு, தயார் செய்திருக்கிறேன். மொத்தம் 14 வேலைகள். தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பி, ‘எப்படி இருக்கு? தயங்காம கிழிங்க’ என்று கேட்டேன். பெரும்பாலும் ‘சூப்பர்’, ‘செம’ என்றுதான் பதில் வந்தது. வகுப்புத் தோழன் ஒருவன் ‘ஏதோ குறையுது மச்சி’ என்றான். என்ன குறைகிறது என்று அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. ஆசிரியர் ‘இன்னும் ப்ரொஃபஷனலா இருக்கணும்’ என்றார். வேலையில் இருக்கும் சீனியர் ஒருவர் முதல் பக்கத்து லோகோவைப் பெரிதாக்கச் சொன்னார். இன்னொரு சீனியர் அதே லோகோ கண்ணை உறுத்துகிறது என்றார். விண்ணப்பித்த இடங்களிலிருந்து பதிலே இல்லை.

யார் சொல்வதைக் கேட்பது? உருப்படியான விமர்சனம் வாங்குவது எப்படி? பிடிஎஃப் இணைத்திருக்கிறேன். நேரம் இருந்தால் நீங்களும் பார்த்துச் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

பிடிஎஃபைப் பார்த்துவிட்டேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், முதலில் உங்கள் கேள்வி.

‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் பதில் வரும். கேட்பவர் நீங்கள், ராத்திரியெல்லாம் கண் விழித்துச் செய்திருக்கிறீர்கள், பதிலுக்காக முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். வேறு என்ன சொல்வார்கள்? ‘தயங்காம கிழிங்க’ என்று சேர்த்துக்கொள்வதிலும் பெரிய பயன் இல்லை. தயங்குகிறவர் அப்போதும் தயங்குவார். கிழிக்கப் பிடித்தவருக்கு மட்டும் மேடை கிடைக்கும், அவர் உங்கள் வேலையை விட்டுவிட்டுத் தன் புத்திசாலித்தனத்தைக் காட்டிக்கொண்டிருப்பார்.

ஆகவே அபிப்பிராயம் கேட்காதீர்கள். என்ன பார்த்தார்கள், என்ன புரிந்தது, எங்கே நின்றார்கள் என்று கேளுங்கள். உங்கள் தொகுப்பில் இருக்கும் பேருந்து நேர அட்டவணையையே எடுத்துக்கொள்வோம். டிசைன் என்றால் என்னவென்றே தெரியாத ஒருவர் கையில் அதைக் கொடுத்து, ‘ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் முதல் பஸ் எது?’ என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் வாயைத் திறக்காமல் அவர் விரலைப் பாருங்கள். என் விரல் முதலில் சனிக்கிழமைக்குப் போனது. காரணத்தைத் தேடிப் பார்த்தேன். ‘ஞாயிறு’ என்ற தலைப்பு அதன் கட்டத்தில் இடது ஓரமாக ஒட்டி நிற்கிறது, எண்களோ வலது ஓரமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. நடுவில் கோடும் இல்லை. அதனால் தலைப்பு பக்கத்துக் கட்டத்து எண்களுக்குச் சொந்தம் போலத் தெரிகிறது. நூறு ‘சூப்பர்’ வந்தாலும் இது உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஒரு விரல் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த மாதிரிச் சோதனைக்கு டிசைனர்களைவிட மற்றவர்கள்தான் சரியான ஆட்கள். டிசைனர் அட்டவணையைப் படிக்கமாட்டார், ஃபான்ட்டைப் பார்ப்பார். போஸ்டர், புத்தக அட்டை போன்றவற்றுக்கு இன்னும் சுலபமான வழி இருக்கிறது. ஐந்து நொடி காட்டிவிட்டு மூடிவிடுங்கள். ‘எதைப் பற்றிய போஸ்டர், என்ன ஞாபகம் இருக்கிறது?’ என்று கேளுங்கள். உங்கள் போஸ்டரில் எனக்கு அந்தச் சிவப்பு வட்டம் மட்டும்தான் ஞாபகம் இருந்தது. நிகழ்ச்சி எந்தத் தேதியில் என்று சொல்லத் தெரியவில்லை.

அடுத்தது, நீங்கள் யாருக்குமே சொல்லாமல் விட்ட விஷயம். ஒவ்வொரு வேலையும் எதற்காக, யாருக்காகச் செய்யப்பட்டது என்று 14 வேலைகளில் ஒன்றில்கூட எழுதவில்லை. அது தெரியாமல் யாரும் விமர்சிக்க முடியாது, ரசனையைத்தான் சொல்ல முடியும்.

இதற்கு ரயில் வரைபடங்களைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. லண்டன் சுரங்க ரயிலுக்கு ஹாரி பெக் என்ற வரைவாளர் 1931-இல் ஒரு வரைபடம் வரைந்தார். படுக்கைக் கோடு, நிமிர்ந்த கோடு, 45 பாகைச் சாய்வுக் கோடு, அவ்வளவுதான். உண்மையான தூரத்தைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை. நிர்வாகம் முதலில் வேண்டாம் என்றது. பிறகு சோதனையாகக் கொஞ்சம் அச்சிட்டு, 1933-இல் பொதுமக்களுக்குக் கொடுத்தார்கள். மக்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். கிட்டத்தட்ட அதே இலக்கணத்தில் மாசிமோ விக்னெல்லி என்ற டிசைனர் நியூயார்க் சுரங்க ரயிலுக்குச் செய்த வரைபடம் 1972-இல் வந்தது. டிசைனர்கள் கொண்டாடினார்கள். பயணிகள் புகார் செய்தார்கள். அந்த ஊரின் பெரிய பூங்காவான சென்ட்ரல் பார்க் உண்மையில் அகலத்தைப்போல ஐந்து மடங்கு நீளமானது, படத்தில் அது ஏறக்குறைய சதுரமாக இருந்தது. நிறம் பச்சைகூட இல்லை, சாம்பல். தெருக்களை எண்ணிலேயே தெரிந்துவைத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு அது குழப்பம்தானே? 1979-இல் புவியியலுக்கு நெருக்கமான வேறு வரைபடம் வந்தது. விக்னெல்லியின் படம் இன்று நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

விக்னெல்லியின் படம் நல்லதா, கெட்டதா? ரயிலுக்குள் எங்கே மாறுவது என்று கேட்டால் நல்லது. வெளியே வந்து எந்தப் பக்கம் நடப்பது என்று கேட்டால் கெட்டது. என் தனிப்பட்ட ஓட்டு அவருக்குத்தான், ஆனால் நான் அந்த ஊரில் தினமும் ரயில் ஏறுகிறவன் இல்லை. உங்கள் இரண்டு சீனியர்கள் எதிரெதிராகச் சொன்னதும் இப்படித்தான். ஒருவர் அதை விளம்பரமாகப் பார்த்திருப்பார், இன்னொருவர் லெட்டர்ஹெட்டாகப் பார்த்திருப்பார். நீங்கள் எதுவும் சொல்லவில்லை, அவரவர் ஒன்றை வைத்துக்கொண்டார்கள்.

‘லோகோவைப் பெரிதாக்கு’ என்பதை அப்படியே செய்யவும் வேண்டாம், தூக்கிப் போடவும் வேண்டாம். வலி எங்கே என்று நோயாளி சொல்வதை நம்பலாம், என்ன மருந்து என்று அவர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. பெரிதாக்கச் சொல்பவரிடம் ‘முதலில் கண் எங்கே போனது?’ என்று திருப்பிக் கேளுங்கள். உங்கள் முதல் பக்கத்தில் பதில் சுலபம். பின்னால் இருக்கும் படத்துக்குப் போகிறது. படத்தை அடக்கினால் லோகோ இருக்கிற அளவிலேயே முன்னால் வந்துவிடும். கண்ணை உறுத்துகிறது என்றவரின் பிரச்சினையும் அதோடு தீரும் என்று நினைக்கிறேன். இருவரும் காட்டியது ஒரே இடம், தீர்வு மட்டும்தான் வேறு வேறு. ‘ஏதோ குறையுது’ என்ற நண்பனையும் விடாதீர்கள். பக்கத்தை அச்சடித்து, ‘எந்த இடத்தில் அப்படித் தோன்றியது? பேனாவால் வட்டம் போடு’ என்று கேளுங்கள். சொல்லத் தெரியாதவனுக்கும் காட்டத் தெரியும்.

வகுப்பில் நான்கைந்து பேர் சேர்ந்து பார்ப்பதாக இருந்தால், லிஸ் லெர்மன் என்ற நடன இயக்குநர் 1990-இல் உருவாக்கிய முறையை முயன்று பாருங்கள். முதலில் பார்த்தவர்கள் தங்களுக்கு எது பதிந்தது என்று சொல்வார்கள். அடுத்து செய்தவர் தன் கேள்விகளைக் கேட்பார். பிறகு பார்த்தவர்கள் கேட்பார்கள், ஆனால் கேள்விக்குள் தீர்ப்பு ஒளிந்திருக்கக் கூடாது. ‘ஏன் இவ்வளவு டல்லா இருக்கு?’ என்பது கேள்வியே இல்லை. ‘இந்த நிறத்தை எப்படித் தேர்ந்தெடுத்தாய்?’ என்பது கேள்வி. அபிப்பிராயம் கடைசியில்தான், அதுவும் ‘நிறத்தைப் பற்றி ஒன்று சொல்லட்டுமா?’ என்று கேட்டு, செய்தவர் சரி என்றால் மட்டும். கேட்க நாடகம் மாதிரி இருக்கும். இரண்டாம் தடவை பழகிவிடும்.

வேலை கொடுக்கும் இடத்தில் இருப்பவர்களிடம் கேட்கும்போது மட்டும் கேள்வியை மாற்றுங்கள். அவர்களுக்கு நேரம் இல்லை. ‘இதில் எதை எடுத்துவிடுவீர்கள்?’ என்று ஒரே கேள்வி அனுப்புங்கள். ‘சூப்பர்’ என்று இதற்குப் பதில் சொல்ல முடியாது. எடுத்துவிடுவது பாராட்டு மாதிரியும் இல்லை, திட்டு மாதிரியும் இல்லை, ஆகவே மனசாட்சிப்படி சொல்வார்கள்.

இப்போதெல்லாம் பலர் ஏஐயிடம் போர்ட்ஃபோலியோவைக் காட்டுகிறார்கள். காட்டுங்கள், எழுத்துப்பிழையும் நிற முரணும் பிடிபடும். ஆனால் அதற்குச் சலிப்பு வராது. ஐந்தாவது பக்கத்தில் எனக்கு வந்தது.

சரி, உங்கள் பிடிஎஃப். நான் எடுத்துவிடுவது எட்டு. கடைசி நான்கும் ஒரே பயிற்சியின் நான்கு முகங்கள். நடுவில் இருக்கும் மூன்று லோகோக்களில் லோகோவைவிட மாக்கப்தான், அதாவது லோகோவைப் பொருள்கள்மேல் பொருத்திக் காட்டும் மாதிரிப் படம்தான், அதிகம். விசிட்டிங் கார்டு, நிழல், தங்க எம்பாஸ், மரப்பலகை எல்லாம் இருக்கிறது, ஆனால் லோகோவை வெறும் கறுப்பு வெள்ளையில் எங்கும் காணோம். 16 பிக்சலுக்குச் சுருக்கிப் பார்த்தேன். பறவை என்று நீங்கள் வரைந்தது ஒரு கறையாகிவிட்டது. எடுக்க வேண்டியதில் எட்டாவது, பிரபல பிராண்டின் மறுவடிவமைப்பு. அதை வைத்துக்கொள்வதானால் ‘சொந்தப் பயிற்சி, நிறுவனம் கேட்டுச் செய்ததல்ல’ என்று எழுதியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் அதையும் எடுத்துவிடுங்கள். குழுவாகச் செய்ததில் உங்கள் பங்கு எது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

நேர அட்டவணை ஒன்பதாவதாக ஒளிந்திருக்கிறது. உங்களிடம் இருப்பதிலேயே நல்ல வேலை அதுதான், தலைப்புக் கோளாறோடு சேர்த்தே சொல்கிறேன். அதை முதலில் கொண்டுவாருங்கள். விண்ணப்பித்த இடங்களில் ஒன்பதாவது பக்கம்வரை யாரும் வந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

படங்களுக்குக் கீழே இருக்கும் குறிப்புகளின் நிறம் #999999 என்ற வெளிறிய சாம்பல், வெள்ளைப் பின்னணி. எழுத்தும் பின்னணியும் வெளிச்சத்தில் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைச் சொல்லும் முரண் விகிதம் 2.85தான் வருகிறது. எல்லோராலும் படிக்க முடியவேண்டும் என்பதற்கான இணைய அணுகல் விதிகள் சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 கேட்கின்றன. #767676-க்கு மேல் வெளிறினால் அந்த வரம்பைத் தாண்டமுடியாது. உங்கள் ஆசிரியர் சொன்ன ‘ப்ரொஃபஷனல்’ இந்த மாதிரி இடங்களில்தான் இருக்கிறது என்பது என் சந்தேகம். வெளிறிய சாம்பல் நாசூக்காகத் தெரியும் என்று எல்லா மாணவர்களும் நம்புகிறார்கள், யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை.

‘ஃபோட்டோஷாப் 85%, இல்லஸ்ட்ரேட்டர் 70%’ என்று கோடு போட்டிருக்கிறீர்களே, மீதி 15 சதவீதம் என்ன தெரியாது? அந்தப் பக்கத்தையே எடுத்துவிடுங்கள்.

செயல்முறை என்ற தலைப்பில் ஸ்கெட்ச் புத்தகப் பக்கங்களை அடுக்கியிருக்கிறீர்கள். ஸ்கெட்ச் போட்டீர்கள் என்பது தெரிகிறது, ஏன் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பது தெரியவில்லை. ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் (NeXT) கணினி நிறுவனத்துக்கு 1986-இல் பால் ராண்ட் என்ற டிசைனர் லோகோ செய்தபோது, ஒரே ஒரு வடிவத்தை மட்டும் எடுத்துப்போனார். கூடவே ஒரு சிறு புத்தகம். பெயரை முழுக்கப் பெரிய எழுத்துகளில் எழுதினால் ‘எக்ஸிட்’ (EXIT) என்ற ஆங்கிலச் சொல்லோடு குழம்ப வாய்ப்பிருக்கிறது, அதனால் இரண்டாம் எழுத்தை மட்டும் சிறியதாக வைக்கிறேன் என்று அதில் விளக்கியிருந்தார். இப்படி ஒரு காரணம் எழுதப்பட்டிருந்தால் பார்ப்பவர் அதோடு மோதலாம், ‘எனக்குக் குழம்பவில்லையே’ என்று சொல்லலாம். உங்கள் பக்கங்களில் மோதுவதற்கு எதுவும் இல்லை, அதனால்தான் ‘செம’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஒரு வேலைக்கு இரண்டு வரி போதும்: என்ன பிரச்சினை, எதைக் கைவிட்டு எதைத் தேர்ந்தெடுத்தீர்கள்.

விமர்சனம் வரும்போது பதில் பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள். ‘இல்ல சார், அது ஏன்னா...’ என்று ஆரம்பித்த உடனே எதிரில் இருப்பவர் அடுத்ததைச் சொல்லமாட்டார். எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று இல்லை. நான் சொன்னதில்கூட அந்தச் சிவப்பு வட்டம் வேண்டுமென்றே அப்படி வைத்ததாக இருக்கலாம். அப்படியானால் வைத்துக்கொள்ளுங்கள், தேதியை மட்டும் அதற்குள் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள்.

ஆறு வேலைகளோடு திரும்ப அனுப்புங்கள், பார்க்கிறேன். அனுப்பும்போது கோப்பின் பெயரில் உங்கள் பெயர் இருக்கட்டும். ‘போர்ட்ஃபோலியோ ஃபைனல் நியூ 3’ என்று வந்ததை என் கணினியில் தேடிக் கண்டுபிடிக்க எனக்கே நேரமானது. வேலை கொடுப்பவரின் கணினியில் அந்தப் பெயரில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்களோ!