கெட்டில்பெல்: முதல் மூன்று மாதத்துக்கு இரண்டே பயிற்சி

கேள்வி: வயது 38. செங்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். பகல் முழுக்க கல்லாவில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கைப்பேசியில் பணம் கட்டி 90 நாள் கெட்டில்பெல் (கைப்பிடி வைத்த எடைக் குண்டு) திட்டம் ஒன்றில் சேர்ந்தேன். பிளாஸ்டிக் உறை போட்ட 12 கிலோ சிமென்ட் குண்டையும் அவர்களே அனுப்பினார்கள். தினமும் வேறு வேறு பயிற்சி. மூன்றாம் வாரம் இடுப்பு பிடித்துக்கொண்டது, விட்டுவிட்டேன். இப்படி விட்டது இது மூன்றாவது திட்டம். எதில் சேர்ந்தால் விடாமல் செய்ய முடியும்?

பதில்: இனி எதிலும் சேராதீர்கள். தினமும் பயிற்சியை மாற்றுகிற திட்டம் உங்கள் அலுப்பைப் போக்கலாம். எந்த அசைவும் உடம்பில் படியாது. கெட்டில்பெல்லில் அடிப்படை ஸ்விங்: குண்டைக் கால்களுக்கிடையிலிருந்து முன்னால் நெஞ்சு உயரத்துக்கு வீசுவது. அது பழகவே சில வாரம் ஆகும். மூன்று மாதத்துக்கு ஸ்விங், நெஞ்சோடு குண்டை அணைத்து உட்கார்ந்து எழும் காப்லெட் ஸ்குவாட், இவை இரண்டு மட்டும் போதும்.

இடுப்பு பிடித்ததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: குண்டைக் கையால் தூக்கியிருப்பீர்கள், அல்லது முதுகை வளைத்துக் குனிந்திருப்பீர்கள். ஸ்விங்கில் வேலை பிட்டத்துக்கும் தொடைக்கும். சுவருக்கு முதுகைக் காட்டி ஓரடி தள்ளி நில்லுங்கள். முட்டியை லேசாக மட்டும் மடக்கி, முதுகை நேராக வைத்து, பிட்டத்தைப் பின்னால் தள்ளிச் சுவரைத் தொடுங்கள், பிறகு நிமிருங்கள். முதல் இரண்டு வாரம் இதையும், பாதங்களுக்கு நடுவே வைத்த 16 கிலோ குண்டை இதே அசைவில் தூக்கி இறக்குவதையும் மட்டும் செய்யுங்கள். 10 தடவை, 5 சுற்று.

மூன்றாம் வாரம் இரண்டு கையாலும் ஸ்விங்: 10 தடவை, 5 சுற்று. மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வரை அடுத்த சுற்றைத் தொடங்காதீர்கள். வாரத்துக்கு ஒரு சுற்று கூட்டினால் எட்டாம் வாரம் 10 சுற்று, 100 ஸ்விங். மீதி நான்கு வாரமும் அதே 100தான். இடையில் ஓய்வை மட்டும் மெல்லக் குறையுங்கள். ஒவ்வொரு நாளும் ஸ்விங் முடிந்ததும் ஸ்குவாட் 5 தடவை, 3 சுற்று. திங்கள், புதன், வெள்ளி, கடை திறக்கும் முன். எட்டாவது தடவையில் முதுகு வளைந்தால் எட்டிலேயே நிறுத்துங்கள்.

16 கிலோ குண்டு ஒன்று வாங்கத்தான் வேண்டும். ஸ்விங்குக்கு 12 கிலோ உங்களுக்குக் குறைவு. எடை குறைந்தால் கை தானாகவே தூக்கப் பார்க்கும். சிமென்ட் குண்டு பருத்தது, கால்களுக்கிடையில் இடிக்கும். கைப்பிடி சேருமிடம் நாளடைவில் ஆட்டம் காணும். அதை ஸ்குவாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீசாதீர்கள், தலைக்கு மேல் கொண்டு போகாதீர்கள்.

வாங்குவது ஒரே வார்ப்பாக வந்த இரும்பாக இருக்கட்டும். கைப்பிடிக்கு உள்பக்கம் விரலை ஓட்டிப் பாருங்கள். வார்ப்புப் பிசிறு இருந்தால் உள்ளங்கைத் தோல் உரியும். இரண்டு கையும் நெருக்கமில்லாமல் நுழைய வேண்டும். வந்ததும் உங்கள் கடைத் தராசிலேயே எடை போடுங்கள். தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை கேட்டுக் கடைக்காரரைத் துரத்துகிற நாட்டில், 16 என்று எழுதி விற்கும் குண்டு 16 தானா என்று யாரும் பார்ப்பதில்லை. பயிற்சியாளர் என்று பலகை மாட்டவும் உரிமம் எதுவும் கேட்பதில்லை. அதனால்தான் குண்டு, புரோட்டீன் பவுடர், அடுத்த 90 நாள் என்று ஒரே ஆளே எல்லாவற்றையும் தலையில் கட்ட முடிகிறது. பயிற்சி சொல்லித் தருகிறவரிடமே பொருள் வாங்காதீர்கள். அவருக்குக் கமிஷன் வருகிறது என்றால் ஆலோசனையும் அந்தப் பக்கம்தான் சாயும். பவுடருக்குப் பதில் உங்கள் கடைக் கொண்டைக்கடலையும் இரண்டு முட்டையும் சாப்பிடுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் கவனமாகப் பாருங்கள். இடுப்பின் குறுக்கே சதை இறுகி, இரண்டு மூன்று நாளில் தளர்ந்திருந்தால் மேலே சொன்னபடி தொடங்கலாம். வலி பிட்டத்திலிருந்து முட்டிக்குக் கீழே இறங்கினால், பாதம் மரத்தால், இருமும்போதோ தும்மும்போதோ காலில் சுரீரென்று இழுத்தால், கால் பெருவிரலை மேலே தூக்கப் பலமில்லை என்றால், அது நரம்பு அழுத்தமாக இருக்கலாம். சுவர்ப் பயிற்சியும் வேண்டாம். முதலில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ தொடை இடுக்கு மரத்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். எண்ணெய் போட்டு நீவிவிடச் சொல்பவர் பேச்சைக் கேட்டு நாளைக் கடத்தாதீர்கள்.

சாரல் காலத்தில் கை ஈரமாகவே இருக்கும், குண்டு நழுவும். துணியால் துடைத்து, உள்ளங்கையில் மக்னீசியம் கார்பனேட் பொடி (ஜிம்மில் பிடி வழுக்காமல் பூசும் வெள்ளைச் சாக்) தடவுங்கள். துரு பிடித்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கைப்பிடியை விட்டுவிட்டு மற்ற இடத்தில் லேசாகத் தேங்காய் எண்ணெய் பூசுங்கள். மொசைக் தரையில் ரப்பர் பாய் விரித்துக்கொள்ளுங்கள்.

கார்த்திகை பிறந்தால் ஆரியங்காவு, அச்சன்கோவில் போகிற பக்தர் கூட்டத்தில் உங்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. தை பிறக்கும் வரை வாரம் இரண்டு நாள், 5 சுற்று என்று குறைத்துக்கொள்ளுங்கள், அடியோடு விடாதீர்கள். தேதியையும் சுற்றையும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வாருங்கள். தவறிய நாளின் சுற்றை மறுநாள் சேர்த்துச் செய்ய வேண்டாம். ஒரு வாரமே விட்டுப்போனால் இரண்டு சுற்று குறைத்து மறுபடி ஆரம்பியுங்கள்.